ஒரு பக்கம் பின்னால்

ஒன்பதாவது எண்ணைச் சொன்னதும் கண் பரிசோதகரின் தலையாட்டல் நின்றது.

அதுவரை அந்த அம்மாள் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டேதான் இருந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே வேறு நிறத்தில் ஒளிந்திருக்கும் ஓர் எண். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை. பன்னிரண்டு. எட்டு. இருபத்தொன்பது. ஐந்து. எழுபத்துநான்கு. ஆறு. நாற்பத்தைந்து. இரண்டு. எட்டுக்கு எட்டும் சரி.

"தொண்ணூத்தேழு" என்றாள் அவள்.

பரிசோதகர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அவளிடம் காட்டினார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார்.

"பதினாறு."

அடுத்தது.

"மூணு."

அவள் குரலில் தயக்கமே இல்லை. ஆனால் முதல் பக்கத்துப் பன்னிரண்டைத் தவிர, வேறெந்தப் பக்கத்திலும் அவளுக்கு எண் என்று எதுவுமே தெரியவில்லை. வெறும் புள்ளிகள். சிந்திய கஞ்சி மாதிரி, பக்கம் பக்கமாகப் புள்ளிகள்.

அவளுக்குப் பதினாறு வயது. வகுப்பில் பட்டப்பெயர் கால்குலேட்டர். பத்தாம் வகுப்பு முடிந்துவிட்டது. மேல்நிலை வகுப்புக்குப் பாடப் பிரிவு எடுக்க வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல் என்று படிவத்தில் எழுதியாகிவிட்டது. வேதியியல் எடுப்பவர்கள் நிறம் பார்க்கும் சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும் என்பது பள்ளியில் இந்த ஆண்டுதான் வந்த விதி. ஆய்வுக்கூடத்தில் யாரோ ஒரு மாணவன் நிறத்தைத் தப்பாகப் பார்த்து எதிலோ எதையோ ஊற்றி, மேஜை எரிந்துபோனதாம். சான்றிதழ் வாங்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். இன்று வியாழன்.

கணக்கு அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வரும். வேதியியல் மேல் ஆசை வந்தது போன வருடம்தான். சமன்பாட்டுக்கு இந்தப் பக்கம் எத்தனை அணு இருக்கிறதோ, அந்தப் பக்கமும் அத்தனை இருந்தாக வேண்டும். எதுவும் காணாமல் போகாது என்று டீச்சர் சொன்ன அன்று அவளுக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, மூன்று பாடம் தானாகவே போட்டு முடித்துவிட்டாள்.

இரண்டாவது பக்கத்தில் ஒன்றும் தெரியாமல் விழித்தபோது அவளுக்கு ஞாபகம் வந்தது அப்பாவின் பட்டியல்.

அப்பா ரயில் ஓட்டுநர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவருக்கு உடற்தகுதிப் பரிசோதனை உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குளியலறையிலிருந்து எண்கள் கேட்க ஆரம்பிக்கும். "பன்னெண்டு, எட்டு, இருபத்தொம்போது..." ஓட்டுநர்களுக்கு ஞாபக சக்திப் பரீட்சை வைப்பார்கள், இருபத்தோரு எண்ணை வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எட்டு வயதிலிருந்து அவள்தான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரைச் சோதிப்பாள். அவர் தடுமாறினால் தலையில் குட்டுகூட உண்டு. அவருக்கு முன்னால் அவளுக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

முதல் பக்கம் பன்னிரண்டு. அப்பாவின் பட்டியலிலும் முதல் எண் பன்னிரண்டு.

அடுத்தது எட்டு என்று ஒரு குருட்டுத் துணிச்சலில் சொல்லிப் பார்த்தாள். பரிசோதகர் தலையை ஆட்டினார்.

அப்பாவின் பட்டியல் எதற்கானது என்று அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. வேதியியல் வேண்டும் என்ற வெறியில் அது பாட்டுக்கு ஓடியது.

கடைசிப் பக்கம் முடிந்தது. அவளிடம் இன்னும் ஓர் எண் பாக்கி இருந்தது. புத்தகத்தில் பக்கம் இல்லை.

பரிசோதகர் புத்தகத்தை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி நுனி மூக்கில் நின்றது.

"நீ சொன்ன எண்ணெல்லாம் சரிம்மா. ஒண்ணுகூடத் தப்பில்ல. ஆனா ஒன்பதிலேர்ந்து ஒரு பக்கம் பின்னால வர்றே."

பரிசோதகர் புத்தகத்தை விரித்து, கிழிந்து நின்ற ஓர் ஓரத்தைக் காட்டினார்.

"இந்தப் புத்தகத்துல ஒன்பதாவது தாள் இப்ப கிடையாது. போன வருஷம் ஒரு கைக்குழந்தை அழுதுதுன்னு விளையாடக் குடுத்தேன். கிழிச்சு வாயில போட்டுக்கிட்டு, பாதியை முழுங்கியும் தொலைச்சுது. அந்தத் தாள்ல இருந்ததுதான் தொண்ணூத்தேழு. இல்லாத தாளை நீ எப்படிப் படிச்சே?"

சுவரில் மின்விசிறி கடகடவென்றது.

"புத்தகத்தை வரிசையா மனப்பாடம் பண்றவங்க ரெண்டே ரகம். பட்டாளத்துக்குப் போறவங்க, வண்டி ஓட்டறவங்க. அப்பா என்ன வேலை பாக்கறாரு?"

"கடை வெச்சிருக்காரு, மேடம்."

"என்ன கடை?"

"நூல் கடை."

சொன்ன பிறகுதான் தன் நாக்கையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாயில் வந்தது வந்துவிட்டது. பரிசோதகர் படிவத்தைப் பார்த்தார். அப்பாவின் கையெழுத்து இருந்தது. 'தந்தையின் தொழில்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"நூல் கடை" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "சரி, கேட்டுக்கோ. உனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது. இது நோயில்ல, பொறக்கும்போதே வர்றது. நிறக்குறைபாடுன்னு எழுதித் தந்தா உன் ஸ்கூல்ல ஒண்ணும் துரத்த மாட்டாங்க. பக்கத்துல ஒரு பிள்ளையை நிறம் சொல்ல வெச்சுக்கிட்டு நீ தாராளமாக் கெமிஸ்ட்ரி படிக்கலாம். நிறைய பேர் படிக்கறாங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"ஆனா இது ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். பொண்ணுங்களுக்கு வர்றது அபூர்வம். ஒரு பொண்ணுக்கு இருந்தா, அவ அப்பாவுக்கும் இருந்தே ஆகணும். நான் எழுதற சான்றிதழோட நகல் இங்க பெரிய டாக்டர்கிட்ட போகும். ரயில், பஸ் ஓட்டறவங்களுக்குத் தகுதிச் சீட்டு குடுக்கறதும் அவர்தான்." கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "நூல் கடைக்காரருக்கு நிறம் தெரியலேன்னா சட்டைக்கு வேற நூல் போகும். அவ்வளவுதான். வேற வேலைன்னா, அந்தக் கட்டத்துல எழுதியிருந்தா, நான் பேசாம இருக்க முடியாது."

"படிவத்தைக் குடுத்துடுங்க, மேடம். எனக்குக் கெமிஸ்ட்ரி வேணாம்."

"இப்பத் தர மாட்டேன். வீட்டுல பேசு. நாளைக்கு நாலு மணி வரைக்கும் இது என் மேஜையில இருக்கும். எழுதச் சொன்னா எழுதறேன். வேணாம்னா எடுத்துட்டுப் போ, நீ இங்க வந்ததாவே யாருக்கும் தெரியாது."

வீட்டில் அம்மா தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"என்னடி, மூஞ்சி தொங்கிப் போச்சு? கண்ணாடி போடணும்னுட்டாங்களா? போட்டுக்கோ, உன் மூக்கு கொஞ்சம் மறையும்."

"அம்மா, சின்ன வயசுல என் கலர் பென்சில் ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி ஒட்டுவியே. எதுக்கு?"

"எழுத்துக்கூட்டிப் படிக்க..."

"அம்மா."

மெஷின் நின்றது. அம்மா ஊசியிலிருந்து துணியை வெளியே இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அஞ்சு வயசுல ஒரு மரம் வரைஞ்சே. இலை பூராவும் பழுப்பு அடிச்சிருந்தே. உங்கப்பா அதைப் பார்த்துட்டு, என்ன பச்சைப் பசேல்னு வரைஞ்சிருக்கா பாருன்னு பூரிச்சுப் போனாரு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீயும் அவரோட பொண்ணுதான்னு."

பதினோரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பாவை ஒருநாள்கூட நூல்கண்டு எடுத்துத் தரச் சொல்லி அம்மா கேட்டதில்லை. தக்காளி வாங்க அனுப்பியதில்லை. வெளியே போகும்போது அவருடைய சட்டையை அம்மாதான் எடுத்து வைப்பாள். ஊரே அதை அன்னியோன்னியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பா ஐந்தரை மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே குரல்.

"சுண்டு! என்னாச்சு, கெமிஸ்ட்ரி மேடம் ஆயாச்சா?"

அவளைச் சுண்டெலி என்றுதான் முதலில் கூப்பிட்டார். வளர வளரப் பெயர் மட்டும் சுருங்கிச் சுண்டு ஆகிவிட்டது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பதாவது தாள், கைக்குழந்தை, நூல் கடை. நூல் கடை என்றதும் அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுபோயிற்று. எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"சிக்னல்ல பச்சை எரியுதுன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"மேல எரிஞ்சா பச்சை. கீழ எரிஞ்சா சிவப்பு. இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

"ஒரே ஒரு விளக்கு இருக்கற சிக்னல்?"

"அதெல்லாம் நாலஞ்சு இடத்துலதான். அங்க மூக்கன் சொல்லுவான்."

மூக்கன் அவருடைய உதவி ஓட்டுநர். எந்நேரமும் ஜலதோஷம். சிக்னலைப் பார்த்ததும் இரண்டு பேரும் வாய்விட்டு அதைச் சொல்ல வேண்டும், முதலில் பார்த்தவர் முதலில், மற்றவர் பின்னால். வேலையில் அது விதி. அப்பா எப்போதும் இரண்டாவது ஆளாகச் சொல்பவர்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் அப்பா. "என் வண்டியில ஒரு எறும்பு அடிபட்டதில்ல. கேட்டுப் பாரு யார்கிட்ட வேணா."

"யார்கிட்ட கேக்கறது? ரயிலையா?" என்றாள் அம்மா. பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "கெமிஸ்ட்ரி இல்லேன்னா சோறு இறங்காதா உனக்கு? கணக்கு, இயற்பியல், பொருளியல்னு ஒரு பிரிவு இருக்குன்னு நீதானே சொன்னே? அதுக்கு எந்தச் சீட்டும் வேணாமே. கணக்குதான் உன் உசுரு, அது அதுலயும் இருக்கு. போய்ப் படிவத்தை எடுத்துட்டு வா. கதை முடிஞ்சுது."

"ரெண்டே வருஷம், சுண்டு." அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ காலேஜ்ல கால் வெச்சதும், எனக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு நானே எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிடறேன். இப்ப போனா மூட்டை எண்ணத்தான் உக்கார வெப்பானுங்க. பொய் சொல்லி ஓட்டினான்னு வேற பேரு."

அவள் தலையை ஆட்டினாள். வேதியியல் புத்தகத்தை எடுத்து அலமாரியின் மேல் தட்டில், பழைய செய்தித்தாள்களுக்குப் பின்னால் தள்ளினாள். பெரிய தியாகமாகவெல்லாம் தோன்றவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஓய்வு நாள். நானும் கூட வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். மூன்று மணி பஸ்ஸில் கூட்டம் இல்லை. இருவருக்கும் இருக்கை கிடைத்தது. நாலு நிறுத்தம் வரை அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னப் பென்சிலை எடுத்தார். பஸ் டிக்கெட்டைத் திருப்பித் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"சுண்டு, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். எந்தத் தாளு இல்லேன்னு அந்தம்மா சொன்னாங்க? ஒன்பதா, பத்தா?"

"எதுக்குப்பா?"

"அடுத்த மாசம் எனக்கும் அங்கதானே பரிசோதனை. நீ இப்பப் போய்ப் பார்த்தது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. இல்லேன்னா நானும் உன்னை மாதிரியே ஒரு பக்கம் பின்னால போய் மாட்டியிருப்பேன்." பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார். "தொண்ணூத்தேழை எடுத்துட்டா, அப்புறம் பதினாறு. அப்படித்தானே?"

எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்! பால்காரன் எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்பது போல.

"மூக்கன் அண்ணன் நல்லா இருக்காராப்பா?"

"அவனுக்கென்ன, பதவி உயர்வு வந்துடுச்சு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து தனி வண்டி. எனக்குப் புதுசா ஒரு ஆள் வர்றான். நல்லவன்தான், ஆனா வாயே திறக்க மாட்டானாம். பழக்கிக்கலாம்."

போன மழைக்காலத்தில் நடந்த ஒரு விஷயம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு சின்ன நிலையத்துக்கு வெளியே அப்பாவின் வண்டி சிக்னலைத் தாண்டி நாற்பது மீட்டர் ஓடிப் போய்த்தான் நின்றது. எதிரே இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் தூரத்திலேயே பார்த்து நிறுத்திவிட்டார். தண்டவாளம் ஈரம், பிரேக் வழுக்கிவிட்டது என்று அறிக்கை எழுதினார்கள். வீட்டுக்கு வந்த மூக்கன், "எல்லாம் என்னாலதான் அக்கா. அந்த நேரம் பார்த்து எனக்குத் தொடர்ந்து நாலு தும்மல்!" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். வீடே சிரித்தது. மூக்கன் தும்மினால் ரயிலே நாற்பது மீட்டர் நகர்ந்துவிடும் என்று ஒரு வருடமாக அது குடும்ப நகைச்சுவை. அவளும் வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

மூக்கன் ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தும்மியதால் பிரேக் வழுக்காது. தும்மியதால் அவரால் 'சிவப்பு' என்று சொல்ல முடியவில்லை. அவர் சொல்லட்டும் என்று அப்பா காத்திருந்தார்.

நாலு தும்மல் நேரம், அறுநூறு பேரோடு.

"சுண்டு, கேட்டேனே. ஒன்பதா, பத்தா?"

"மறந்துபோச்சுப்பா."

"உனக்கா? கால்குலேட்டருக்கா?" அப்பா சிரித்தார். "சரி சரி, உள்ள போறப்போ மெதுவாப் பார்த்துட்டு வந்துடு."

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. அப்பா அதில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வர அவருக்கு விருப்பமில்லை. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் உண்டு.

மணி மூன்று நாற்பது. பரிசோதகர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து, மேஜையின் நடுவில் வைத்தார். அவள் பக்கமும் தள்ளவில்லை. தன் பக்கமும் இழுக்கவில்லை.

"வீட்ல பேசிட்டியா?"

"பேசிட்டேன்."

"எடுத்துட்டுப் போறியா?"

கையை நீட்டி எடுத்திருந்தால் முடிந்திருக்கும். வெளியே பெஞ்சில் அவர் காத்திருக்கிறார். அம்மா வீட்டில் காத்திருக்கிறாள். பொருளியல் பிரிவில் இன்னும் ஒன்பது இடம் காலி. எல்லாம் தயாராக இருந்தது. அவள் கையை நீட்டத்தான் செய்தாள். ஆனால் படிவத்துக்குப் பக்கத்தில் இருந்த பேனாவைத்தான் எடுத்தாள்.

'தந்தையின் தொழில்' கட்டம் சின்னது. எழுத்தைக் குறுக்கி எழுத வேண்டியிருந்தது.

ரயில் ஓட்டுநர்.

பரிசோதகர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். படிவத்தைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"தெரிஞ்சுதான் எழுதறியா?"

"தெரியும், மேடம்."

"அவருக்குத் தெரியுமா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"அவருக்கு அடுத்த வண்டி எப்போ?"

"நாளைக்குக் காலைல, ஆறரை."

பரிசோதகர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எண்ணைச் சுழற்றாமல் அவளையே பார்த்தார். "கூட வந்திருக்காரா? நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

"கெமிஸ்ட்ரிக்கு எழுதிடறேன், கவலைப்படாதே" என்றார் பரிசோதகர் பின்னாலிருந்து. ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு ஓங்கி அறைந்தது போலிருந்தது.

அப்பா பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடுகள் அசைந்தன. "...நாப்பத்தஞ்சு, ரெண்டு, பதினாறு, மூணு..." தொண்ணூற்றேழைத் தானாகவே விட்டுவிட்டிருந்தார். ஒன்பதுதான் என்று ஊகித்திருக்க வேண்டும். காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

"எடுத்துட்டியா?"

"இல்லப்பா."

"ஏன், அந்தம்மா இல்லையா?"

"இருக்காங்க. எழுதிக் குடுத்துட்டேன்."

"என்ன எழுதினே?"

"உங்க வேலையை."

ஒரு கூரியர் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினான். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். கோபம் வரும், கத்துவார், பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே ஓடுவார் என்று அவள் எதையெதையோ எதிர்பார்த்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை.

"நான் உன்னைக் கேட்டது ஒரே ஒரு பக்கம்தானே, சுண்டு" என்றார்.

திரும்பும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது. அப்பா முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். அவள் பின்னால் உட்கார்ந்தாள். அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரை வண்டியை வேறொருவர் ஓட்டினார். செவ்வாய்க்கிழமை விசாரணை. மூக்கனையும் கூப்பிட்டார்கள். அவருக்கு வந்த பதவி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அது அவள் கணக்கில் வராத ஒன்று. சமன்பாட்டின் அந்தப் பக்கத்தில் மூக்கன் நிற்பார் என்று அவள் யோசித்துப் பார்க்கவேயில்லை. அவர் வீட்டுக்கு வருவதும் நின்றுவிட்டது.

பள்ளியில் அவள் பெயர் வேதியியல் பட்டியலில் ஒட்டப்பட்டது. நிறம் சொல்ல ஒரு துணையோடு. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "நீ இல்லாம இந்தப் பிரிவா?" என்று முதுகில் தட்டினார். அவள் புத்தகத்தைச் செய்தித்தாள்களுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். நாலாவது பாடத்தை மூன்று முறை படித்தாள். ஒன்றும் ஏறவில்லை.

அப்பா அவளிடம் பேசவில்லை. அவளைப் பற்றி அம்மாவிடம் பேசினார். "அவளைச் சாப்பிடச் சொல்லு." "அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லு." அம்மா முதல் இரண்டு நாள் இருவரிடமும் பேசவில்லை. பிறகு, யாராவது பேசித்தானே ஆக வேண்டும் என்பது போல, தேவைக்குப் பேசினாள். கோபத்தைத் தையலில் காட்டினாள். அந்த வாரம் மட்டும் நாலு ஊசி உடைந்தது.

பதினோராவது நாள் கடிதம் வந்தது. தண்டனை என்று பெரிதாக எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருட சேவையைக் கருதி என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். ஓட்டுநர் பணியிலிருந்து நீக்கம். சரக்குக் கிடங்கில் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை, திங்கள் முதல். சீருடைச் சட்டைகளைத் தொடர்ந்து அணியலாம். கையில் தைத்திருக்கும் ஓட்டுநர் முத்திரையை மட்டும் பிரித்தெடுத்து அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா நாலு சட்டைகளையும் கட்டிலில் பரப்பினாள். இரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மற்ற இரண்டையும், ஒரு பிளேடையும் மகளிடம் நகர்த்தினாள்.

"உக்காரு. பிரி."

அவள் உட்கார்ந்தாள். முத்திரை கெட்டியாகத் தைக்கப்பட்டிருந்தது. அம்மாவின் கைவேலை, அவ்வளவு சீக்கிரத்தில் விடாது. பிளேடு நுனியைத் துணிக்கும் முத்திரைக்கும் நடுவே நுழைத்து, ஒவ்வொரு தையலாக அறுத்தாள். அறுந்த நூல்கள் மடியில் விழுந்தன. முதல் சட்டை முடிய கால்மணி நேரம் ஆயிற்று. முத்திரை இருந்த இடத்தில் துணி மட்டும் வெளுக்காமல், புதுசு மாதிரி கறுத்து இருந்தது.

அப்பா எதிரே நாற்காலியில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். வெகு நேரமாக அதே பக்கம்.

இரண்டாவது சட்டையில் அவள் அவசரப்பட்டாள். பிளேடு ஒரு தையலைத் தாண்டித் துணியில் இறங்கப் பார்த்தது.

செய்தித்தாள் இறங்கியது.

"மெதுவா" என்றார் அப்பா. பதினாறு நாளில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "சட்டையைக் கிழிச்சுடாதே. திங்கக்கிழமை போட்டுக்கிட்டுப் போகணும்."